பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கான் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் பத்திரிகைகளின் வீட்டுக் குறிப்புப் பகுதிகளிலும் கைபேசியில் சுற்றும் காணொளிகளிலும் ஒரே யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. குளியலறைக் கண்ணாடித் தடுப்பின் ஓரத்திலோ, வாஷ்பேசினைச் சுற்றியோ, சமையலறை சிங்க் விளிம்பிலோ இடுக்கை அடைக்கப் பூசிய ரப்பர் போன்ற சிலிக்கான் கறுத்துப்போய்விட்டதா? பெட்ரோல் அல்லது தின்னர் தொட்டுத் துடையுங்கள். வினிகர் ஊற்றி ஊறவையுங்கள். அப்படியும் போகாவிட்டால் அதன் மேலேயே புதிதாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இந்த மூன்றில் எதுவும் உதவாது. முதலாவது ஆபத்தும்கூட. கண்ணாடி, டைல்ஸ் வேலைகளிலேயே நாள்தோறும் கை வைப்பவர்கள் என்பதால் இதை விரிவாக எழுதுகிறோம். கடிதம் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் பாதி சொன்னால் கண்ணாடியில் கீறல் விழும், கல்லில் கறை விழும்.

மேலே பூசுவது ஏன் நிற்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். காய்ந்த சிலிக்கான் தன்மேல் எதையும் எளிதில் ஒட்ட விடாத பொருள். கேக் அச்சுகளை அதே குடும்பத்து ரப்பரில் செய்வது இந்தக் குணத்துக்காகத்தான். பெயின்ட் ஒட்டாது, ஒயிட் சிமென்ட் ஒட்டாது, டைல்ஸ் இடுக்கை நிரப்பும் க்ரௌட் ஒட்டாது. புதிய சிலிக்கானும் பழையதன்மேல் உறுதியாகப் பிடிக்காது. முதல் வாரம் வெள்ளையாக, அழகாக இருக்கும். பிறகு விளிம்பு மெல்லத் தூக்கும். அந்த மயிரிழை இடைவெளிக்குள் தண்ணீர் தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளியேற வழி இருக்காது. சோப்புக் கசடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வருவதை யாரும் தடுக்க முடியாது. அந்தக் கறுப்பு மேற்பரப்பில் மட்டும் இருப்பதும் இல்லை. சிலிக்கானுக்குள்ளும் அதன் முதுகுப் பக்கத்திலும் பரவியிருக்கும். அதனால்தான் ப்ளீச் போட்டுத் தேய்த்தால் சில நாள் வெளுத்துவிட்டு மறுபடி அதே இடத்தில் கறுக்கிறது.

பெட்ரோல், தின்னர் விஷயத்துக்கு வருவோம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரியக்கூடியதே. ட்யூபிலிருந்து அப்போதுதான் வந்த ஈரச் சிலிக்கானைத் தின்னரும் டர்பன்டைனும் நன்றாகவே துடைத்தெடுக்கும். வேலை முடிந்ததும் கையையும் கருவியையும் அப்படித் துடைப்பதைப் பார்த்தவர்கள், காய்ந்ததற்கும் அதுவே மருந்து என்று எண்ணிவிடுகிறார்கள். காய்ந்த பிறகு நிலைமை வேறு. சிலிக்கான் என்ற தனிமத்தின் அணுவும் ஆக்ஸிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலிகள்தான் இந்த ரப்பர். அவை காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலையாகிவிடுகின்றன. வலையான பின் எந்தத் தின்னரும் அதைக் கரைக்காது. வலைக்குள் புகுந்து ஊதவைக்கும், அவ்வளவுதான். தின்னர் ஆவியானதும் ரப்பர் பழைய அளவுக்கே சுருங்கிவிடும். ஊதியிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பிடிப்பு கொஞ்சம் தளரும் என்பது மட்டுமே நமக்குக் கிடைக்கும் உதவி. வினிகர் அதுகூடச் செய்யாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் ரகமே காயும்போது வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தைத்தான் வெளிவிடுகிறது. அந்தப் புளித்த வாடை அதனுடையது.

ஆபத்து என்று சொன்னதன் காரணம்: பெட்ரோல் சுமார் −40 டிகிரியிலேயே, தின்னர் வகையைச் சேர்ந்த அசிட்டோன் சுமார் −20 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் குளியலறைத் தரையிலேயே தேங்கும். உள்ளே கேஸ் கீசர் இருந்தால் அதன் பொறி போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டும்போது வரும் பொறியும் போதும். பெட்ரோலுக்கு வீட்டுக்குள் எந்த வேலையும் இல்லை. அசிட்டோனை ஒரு துணியை நனைக்கும் அளவுக்கு மேல் உள்ளே கொண்டுபோக வேண்டிய தேவையும் இல்லை.

தீயில் வாட்டினால் உருகிவிடும் என்று சிலர் லைட்டரையும் ஹீட் கன்னையும் எடுக்கிறார்கள். சிலிக்கான் உருகாது. ஏறத்தாழ 200 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் கருகி வெள்ளைத் தூளாகி, மூச்சுக்கு ஆகாத புகையை விடும். அதற்குள் சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். தலைமுடி உலர்த்தும் ட்ரையரால் கை பொறுக்கும் சூட்டில் ஓரிரு நிமிடம் காட்டினால் ரப்பர் சற்று நெகிழும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆக, வழி ஒன்றுதான்: பருமனாக இருப்பதை அறுத்து எடுக்க வேண்டும், மிச்சத்தை ஊறவைத்துச் சுரண்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கடைசிப் படலத்தைத் துடைத்து, போய்விட்டதா என்று சோதிக்க வேண்டும். வேலையின் தரம் இந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் அதைத்தான்.

கண்ணாடித் தடுப்பாக இருந்தால் கத்தியை எடுக்கும் முன் ஒரு கேள்வி: இந்தக் கண்ணாடியை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. 90 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம் என்றால் 45 கிலோ. மேலே கம்பியும் சுவரில் கிளாம்ப்பும் இருந்தால் பயமில்லை. வெறும் யூ சேனலில் (யூ வடிவ உலோகக் காடியில்) செருகி, சிலிக்கானால் மட்டுமே இறுக்கிய பலகையாக இருந்தால், இரண்டு பக்கமும் முழுவதையும் ஒரே நேரத்தில் அறுக்கக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்து, புதிதாகப் பூசி, அது முழுவதும் காய்ந்த பிறகே மறுபக்கம். அல்லது இன்னொருவர் முழு நேரமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாடிக் கட்டடங்களின் முகப்பில் கண்ணாடியைத் தாங்கி நிற்கும் சிலிக்கானை வீட்டில் உள்ளவர்கள் தொடவே கூடாது. அங்கே கட்டடத்தின் பாதுகாப்பே அந்த ரப்பரில் இருக்கிறது.

டஃபன்ட் கண்ணாடியின் (உலையில் சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியின்) நடுப்பகுதி தாங்கும் அடியை அதன் விளிம்பும் மூலையும் தாங்காது. பட்டி பிளேடை ஓரத்தில் செருகிச் சுத்தியலால் தட்டினால் முழுப் பலகையும் துகளாகக் கொட்டிவிடும். சுத்தியலுக்கு இங்கே இடமில்லை, நெம்புவதற்கும் இல்லை.

தயாரிப்பு எளிது. தரையில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரியுங்கள். தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடையுங்கள். சிலிக்கான் துண்டு கரைவதில்லை என்பதால் வடிகாலின் ட்ராப்பில் (வளைகுழாயில்) போய்ச் சிக்கினால் அங்கேயே கிடந்து முடியையெல்லாம் பிடித்துவைக்கும். பிறகு சோப்புக் கசடைக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் வீடுகளில் கண்ணாடியின் அடிப்பகுதி முழுக்க வெள்ளை உப்புப் படிந்திருக்கும். அது பிளேடின் கூர்மையை நொடியில் மழுக்கும், சிலிக்கான் எங்கே முடிகிறது என்பதையும் மறைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூள் கலந்து, அதில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் இளகிவிடும். ஆனால் இது கண்ணாடிக்கும் பளபளப்பு பூசிய டைல்ஸுக்கும் மட்டும். மார்பிளுக்கும் கடப்பா கல்லுக்கும் இது ஆகாது. அவை இரண்டும் சுண்ணாம்புச் சேர்மம், எந்த அமிலம் பட்டாலும் பளபளப்பு அரித்துவிடும்.

அறுப்பதற்கு, துண்டு துண்டாக உடைத்துக்கொள்ளும் கட்டர் பிளேடு போதும். இரண்டு வெட்டு: ஒன்று கண்ணாடியை ஒட்டி, மற்றொன்று சுவர் அல்லது தரை டைல்ஸை ஒட்டி. பிளேடைக் கண்ணாடிமேல் ஏறக்குறையப் படுக்கவைத்து, நீளமாக ஒரே இழுப்பில் போக வேண்டும். ரம்பம்போல் முன்னும் பின்னும் அறுத்தால் விளிம்பு பிசிறு பிசிறாக நின்றுவிடும். மீட்டருக்கு ஒரு முறையாவது மழுங்கிய நுனியை உடைத்துப் புது நுனிக்கு மாறுங்கள். மழுங்கிய பிளேடுக்குக் கை அதிகம் அழுத்தும், வழுக்கும்போது விரலில் ஏறும். கையுறை கட்டாயம்.

இரண்டு வெட்டும் முடிந்தபின் ஒரு முனையைக் குறடால் பிடித்து, நேராக மேலே இழுக்காமல், வந்த வழியிலேயே பின்னோக்கி மடக்கித் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். அப்போது ரப்பர் நீண்டு மெலியும்; ஒட்டியிருக்கும் கோட்டிலேயே முழு இழுவிசையும் சேர்ந்து, அடியோடு உரிந்து வரும். மேலே இழுத்தால் பாதியில் அறுந்துபோகும். சிலிக்கானில் ஓரிடத்தில் சிறு கீறல் விழுந்தாலும் கிழிசல் அங்கிருந்து ஓடும். அறுந்த இடத்தில் நகத்தால் நோண்டாமல், கொஞ்சம் தள்ளி புதிதாக ஒரு முனை வெட்டித் தொடங்குவது விரைவு. கண்ணாடிக்கும் சேனலுக்கும் நடுவே கத்தி நுழையாத இடத்தில் தூண்டில் நரம்பை விட்டு இரு கையாலும் அறுக்கலாம்.

இனி மிச்சம். ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான வெள்ளைத் தோல் இரண்டு பக்கமும் நிற்கும். இதற்கென்றே சிலிக்கான் ரிமூவர் என்று ஜெல் விற்கிறார்கள். பெரிய ஹார்டுவேர் கடைகளில் கேட்டால் கிடைக்கும், இணையத்திலும் உண்டு. இவற்றில் பல ரகங்களில் ஒரு வலுவான கரிம அமிலமும் எண்ணெய் வகைக் கரைப்பானும் சேர்ந்திருக்கும். கரைப்பான் ரப்பரை ஊதவைக்கிறது, அமிலம் அந்தச் சங்கிலியையே துண்டிக்கிறது. அதனால்தான் தின்னரால் ஆகாதது இதனால் ஆகிறது. ஆனால் பருமனான கோட்டின்மேல் இதைப் பூசிவிட்டு அதிசயம் நடக்கும் என்று காத்திருப்பவர்கள் ஏமாறுவார்கள். மேலிருந்து சிறிது ஆழத்துக்குத்தான் இறங்கும். அறுத்து எடுத்தபின் தோலின்மேல் 2, 3 மி.மீ. கனமாகப் பூசி, லேபிளில் சொன்ன நேரம் விடுங்கள்; பொருளைப் பொறுத்துக் கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். காய்ந்துவிடாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிவைக்கலாம். நைட்ரைல் கையுறை அணியுங்கள். மெல்லிய வீட்டுக் கையுறையைக் கரைப்பான் ஊடுருவும். ரிமூவர் கிடைக்காவிட்டால் மினரல் டர்பன்டைனில் நனைத்த துணிப்பட்டையை அரை மணி நேரம் ஒட்டிவைத்து, ஊதியிருக்கும்போதே சுரண்டுவது அடுத்த வழி. மெதுவானது, ஆனால் நடக்கும். அதற்குக் கதவைத் திறந்துவைக்க வேண்டும், கேஸ் கீசரை நிறுத்த வேண்டும்.

கண்ணாடியைச் சுரண்டுவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. ஒற்றைக் கூர்ப்பக்க ரேசர் பிளேடைப் பிடியில் பொருத்தி, கண்ணாடியோடு சுமார் 30 டிகிரி சாய்வில், கண்ணாடி முழுவதும் சோப்புத் தண்ணீரால் நனைந்திருக்கும்போது, ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்ப இழுக்காதீர்கள். பிளேடைத் தூக்கி, துடைத்து, மறுபடி தள்ளுங்கள். காரணம் இது: டஃபன்ட் கண்ணாடி 600 டிகிரிக்கு மேல் சூடேறும் உலைக்குள் போகும்போது, சரியாகக் கழுவாத கண்ணாடித் தூள் மேற்பரப்பில் ஒட்டிப்போவதுண்டு. கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்கு மணல்போல் தட்டும். பிளேடு அந்தத் தூளைப் பெயர்த்துத் தன் அடியில் வைத்துக்கொண்டு பின்னால் வரும்போது, வெயிலில் பளிச்சென்று தெரியும் கீறல்களை இழுத்துவிடுகிறது. அதனால் முதலில் ஓரத்தில் ஈரமான கண்ணாடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் இரும்பு பிளேடே வேண்டாம். பிளாஸ்டிக் பிளேடும் ரிமூவரும் பொறுமையும்தான். தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்த கண்ணாடிக்கும் இதே விதி. துருப்பிடித்த பிளேடை எந்தக் கண்ணாடிமேலும் வைக்கக் கூடாது. முகச்சவர பிளேடைப் பாதியாக உடைத்துக் கையில் பிடித்துச் சுரண்டும் பழக்கத்தை இன்றே விட்டுவிடலாம். பிடி வைத்த ஸ்க்ரேப்பர் பெரிய விலை இல்லை.

மற்றப் பரப்புகளில் எது ஆகும், எது ஆகாது என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும். பளபளப்பு டைல்ஸ், செராமிக் வாஷ்பேசின் ஆகியவை கண்ணாடிபோலத்தான். பழைய ஏடிஎம் அட்டையே அங்கு நல்ல ஸ்க்ரேப்பர். வழுக்காத சொரசொரப்புத் தரை டைல்ஸில் குழிகளுக்குள் ரப்பர் உட்கார்ந்திருக்கும். ரிமூவர் போட்டு நைலான் பிரஷ்ஷால்தான் எடுக்க முடியும். அக்ரிலிக் தொட்டி, யுபிவிசி ஜன்னல், பிவிசி பேனல் கதவு ஆகியவற்றில் அசிட்டோனோ தின்னரோ ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பரப்பே இளகி மங்கிவிடும், அக்ரிலிக்கில் வலைவலையாக விரிசல் ஓடும். எந்தப் பாலிஷும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. குரோம் குழாயிலும் அக்ரிலிக்கிலும் பச்சை நிறப் பாத்திரம் தேய்க்கும் நாரைத் தொடாதீர்கள், வெள்ளை மென்மையான நார் போதும்.

டைல்ஸ் இடுக்கின் சிமென்ட் க்ரௌட்டுக்குள் சிலிக்கான் இறங்கியிருந்தால் அதைச் சுத்தம் செய்ய முடியும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுவது நல்லது. க்ரௌட் துளை நிறைந்தது. அந்த இடத்தில் 2, 3 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துப் புதிய க்ரௌட் நிரப்புவதுதான் முறை. மேலே தேய்த்துக்கொண்டே இருந்தால் நேரம்தான் போகும். வெஸ்டர்ன் டாய்லெட்டின் அடியில் ஒயிட் சிமென்ட் போட்டு, அது வெடித்தபின் சிலிக்கான் போட்டு, மறுபடி அதன்மேல் ஒயிட் சிமென்ட் அப்பிய அடுக்குகளை நம் வீடுகளில் நிறையவே காணலாம். அங்கே எல்லா அடுக்கையும் எடுத்துத் தரையும் பீங்கானும் தெரிந்தால்தான் புதியது பிடிக்கும்.

கிரானைட், மார்பிள், கடப்பா மேடைகளுக்குத் தனி எச்சரிக்கை. புளித்த வாடை வரும் ரகத்தை இவற்றில் போட்டிருந்தால், காயும்போது வந்த அமிலம் மார்பிளையும் கடப்பாவையும் சிமென்டையும் தாக்கி, நடுவில் வெள்ளைத் தூள் அடுக்கை உண்டாக்கியிருக்கும். ரப்பர் கல்லைப் பிடித்திருக்காது, அந்தத் தூளைத்தான் பிடித்திருக்கும். எனவே உரிவது சுலபம். ஆனால் அந்தத் தூள் முழுவதையும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அப்படியே உரியும். இன்னொன்று, சில ரகங்களிலிருந்து கசியும் எண்ணெய் கல்லுக்குள் ஊறி, சிங்க்கைச் சுற்றி ஈரம் காயாததுபோல் ஒரு கறுப்பு விளிம்பை உண்டாக்கும். ரப்பரை எடுத்தாலும் அந்த நிழல் எளிதில் போகாது. அதனால் கல் மேடைக்கு வாங்கும்போதே, வாடை வராத நியூட்ரல் ரகத்தில் கல்லுக்கென்று சொல்லி விற்பதை வாங்குங்கள். ரிமூவர் ஜெல்லில் அமிலம் உண்டு என்று சொன்னோமே, அதையும் மார்பிள், கடப்பாமேல் போடக் கூடாது. அங்கே பிளாஸ்டிக் பிளேடு, பிறகு சீக்கிரம் ஆவியாகும் துடைப்புத் திரவமான ஐசோப்ரொபைல் ஆல்கஹால், அவ்வளவே.

முகம் பார்க்கும் கண்ணாடி சுவரில் சிலிக்கானால் ஒட்டப்பட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் முதுகில் வெள்ளிப் பூச்சும் அதைக் காக்கும் பெயின்டும் இருக்கின்றன. ஓரத்தில் ஊற்றும் எந்தத் திரவமும் பின்னால் ஊர்ந்து போய் அந்தப் பெயின்டைத் தூக்கும். சில மாதங்களில் விளிம்பு கறுக்கும். துணியை மட்டும் லேசாக நனைத்து முன்பக்கத்திலிருந்து துடையுங்கள், ஊற்றாதீர்கள். மறுபடி ஒட்டும்போதும் நியூட்ரல் ரகம்தான். புளித்த வாடை ரகத்தின் அமிலம் வெள்ளிப் பூச்சை அரிக்கும்.

மீன்தொட்டிக்கு விதி வேறு. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை ரகம் மீனைக் கொல்லக்கூடும். மருந்து கலக்காத, மீன்தொட்டிக்கென்று விற்கும் சிலிக்கானையே வாங்க வேண்டும். கசியும் தொட்டியில் உள்மூலையில் தெரியும் கோட்டை மட்டும் அறுத்து மாற்றலாம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள மெல்லிய ஒட்டில் பிளேடை விட்டால் தொட்டியே பிரிந்துவிடும்.

இப்போது எல்லாரும் தவறவிடும் கடைசிப் படலம். சுரண்டி முடித்த கண்ணாடி பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். உலர்ந்த விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரல் ரப்பர்போல் இழுபட்டு நின்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது. ரிமூவரும் டர்பன்டைனும் தம் பங்குக்கு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். பாத்திரம் துலக்கும் சோப்பில் முதலில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்துங்கள். பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹால். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் இதைத்தான் வைத்திருப்பார்கள். கைகழுவும் சானிடைசர் இதற்கு மாற்று இல்லை, அதில் கிளிசரின் இருப்பதால் அதுவே படலமாக நின்றுவிடும். இரண்டு துணி வேண்டும்: ஒன்றில் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க, அது ஆவியாகும் முன் மற்றொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க. ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு கரைந்து மறுபடி அதே இடத்தில் பரவி உலரும். துணியை அடிக்கடி புரட்டுங்கள்.

சோதனை: பூச்சு இல்லாத கண்ணாடியிலும் பளபளப்பு டைல்ஸிலும் தண்ணீரைத் தெளியுங்கள். சுத்தமான இடத்தில் தண்ணீர் படலமாகப் பரவி நிற்கும். சிலிக்கான் மிச்சம் உள்ள இடத்திலிருந்து விலகி முத்து முத்தாகத் திரளும். பழைய கோடு இருந்த அதே பாதையில் முத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். அந்த வரிசை மறையும்வரை வேலை முடியவில்லை.

டைல்ஸிலும் இடுக்கிலும் பூஞ்சைக் கறை நின்றால் அதை இப்போதுதான் கொல்ல வேண்டும். திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. பத்து நிமிடம் விட்டு நன்றாக அலசுங்கள். இந்த இடத்தில் தயவுசெய்து கவனியுங்கள்: டாய்லெட் கழுவும் ஆசிட் பட்ட இடத்தில் ப்ளீச்சோ ப்ளீச்சிங் பவுடரோ படக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நான்கு சுவருக்குள் குனிந்து உட்கார்ந்து வேலை செய்பவர் அதை நேராக மூச்சில் இழுப்பார். சிலிக்கானை எடுக்க ஆசிட் ஊற்றும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. ரிமூவரில் உள்ள அமிலம் வேறு; டாய்லெட் கழுவும் இந்த ஆசிட் காய்ந்த சிலிக்கானைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. க்ரௌட்டையும் குழாயின் குரோமையும் சிங்க்கின் எவர்சில்வரையும் தின்றுவிடும், அலுமினிய சேனலைப் பொரித்துவிடும்.

புதியதைப் பூசும் முன் குறைந்தது ஒரு நாள் ஃபேன் போட்டு உலரவிடுங்கள். பழைய ரப்பருக்குப் பின்னால் மாதக்கணக்கில் தேங்கிய ஈரம் அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. ட்யூபின் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயில் குடோனில் கிடந்த பழைய ட்யூப் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுவென்றே இருக்கும், அதையும் பிறகு நீங்கள்தான் சுரண்ட வேண்டும். 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழக் கோட்டுக்கு மீட்டருக்கு 36 மி.லி. ஆகும்; 280 மி.லி. ட்யூப் ஏழரை மீட்டருக்குச் சற்று அதிகமாக வரும். இடுக்கு ஆழமாக இருந்தால் முழுவதையும் சிலிக்கானால் நிரப்பாமல் நுரைக் கயிறு ஒன்றை உள்ளே செருகிவிட்டு மேலே போடுங்கள். இரண்டு பக்கம் மட்டும் பிடித்த ரப்பர் நீண்டு சுருங்கும். அடியிலும் பிடித்துக்கொண்டால் நடுவில் கிழியும். கண்ணாடித் தடுப்பின் சேனலுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் முழுவதுமாக அடைத்தால், எப்படியோ உள்ளே போகும் தண்ணீர் வெளியேற வழியின்றி மறுபடி கறுக்கும். உலர்ந்த வெளிப்பக்கத்தை முழுமையாக அடைத்து, நனையும் பக்கத்தில் வடிய இடம் விடுவது நல்லது.

இருபக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசி, ஐந்து நிமிடத்துக்குள் ஒரே இழுப்பில் நீவி, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து நீவுவதானால், பூசி முடித்த கோட்டின் மேல் மட்டும். பூசும் முன் சோப்பு இடுக்கில் பட்டால் அங்கே ஒட்டாது. மேலிருந்து உள்நோக்கி ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ.தான் காயும் என்பதால் 6 மி.மீ. கோடுள்ள குளியலறையை இரண்டு, மூன்று நாள் நனைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. கை தவறி எங்காவது அப்பிவிட்டால் தண்ணீரால் பரப்பாதீர்கள். உலர்ந்த தாளால் வழித்து, டர்பன்டைன் தொட்ட துணியால் உடனே துடையுங்கள். இல்லையேல் காயவிட்டு உரியுங்கள்.

வேலை கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பூசுவதைவிடப் பழையதை எடுப்பதற்கே பல மடங்கு நேரம் ஆகும். மீட்டருக்கு இவ்வளவு என்று பூசுவதற்கு மட்டும் கூலி பேசினால், எடுக்கும் வேலை யாருடைய கணக்கிலும் இருக்காது. செய்பவர் மேலேயே இழுத்துவிட்டுப் போவதில் வியப்பில்லை. கொட்டேஷன் வாங்கும்போது பழைய சிலிக்கான் அகற்றுதல், ஆல்கஹால் துடைப்பு, ஒரு நாள் உலர்த்தல் என்று தனி வரியாக எழுதி, அதற்குத் தனிக் கூலி கொடுங்கள். முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்துச் சோதித்துவிட்டு, மறுநாள் பூசச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டுக் குறிப்புப் பகுதிக்கு இதுபற்றி யோசனைகள் வந்தால், பெட்ரோல், ஆசிட் இரண்டையும் சொல்லும் குறிப்புகளை வெளியிடாமல் விடுங்கள். வெளியிடுவதானால், ஆசிட்டும் ப்ளீச்சும் சேரக் கூடாது என்ற வரியை அதே கட்டத்துக்குள், அதே எழுத்தளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடி, டைல்ஸ் பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்.